இடக்கைக்காரர்கள் கேம் கண்ட்ரோலரைத் தமக்கேற்ப மாற்றிக்கொள்வது எப்படி?

பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவர் இடக்கைக்காரர் என்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. அப்படியானால் பீளமேட்டுக் கல்லூரி விடுதிகளிலும், ஈரோட்டுக் கேமிங் சென்டர்களிலும், பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துச் சாளைத் திண்ணையில் செல்போனோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடையிலும் இடக்கைக்காரர்கள் கணிசமாகவே இருக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் கண்ட்ரோலர் கைக்கு எப்படி வந்ததோ அப்படியே பழகிக்கொண்டு, குறி தவறும்போதெல்லாம் தமக்குத் திறமை போதாது என்று எண்ணிக்கொள்கிறார்கள். குறை திறமையிலா, கைகளுக்கிடையே வேலை பங்கிடப்பட்ட விதத்திலா என்பதைச் சோதித்துப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வருவது நியாயமில்லை. சோதிப்பதற்கும், தேவையானால் மாற்றிக்கொள்வதற்கும் பெரும்பாலும் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. செட்டிங்ஸில் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

முதலில் கண்ட்ரோலரில் எது வலக்கைக்காரருக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கருவியின் உடல் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. வேறுபாடு வேலைப் பங்கீட்டில்தான் இருக்கிறது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் கட்டைவிரலால் அசைக்கும் இரண்டு ஸ்டிக்குகளில் இடது ஸ்டிக் நடப்பதற்கு, வலது ஸ்டிக் பார்ப்பதற்கும் குறிவைப்பதற்கும் என்பது வழக்கம். ஆள்காட்டி விரலால் இழுத்துச் சுடும் ட்ரிகர் வலப்பக்கம். குதிப்பது, குண்டு மாற்றுவது, குனிவது முதலிய வேலைகளுக்கான நான்கு பட்டன்களும் வலக்கட்டைவிரலுக்குக் கீழே. ஆக, நுட்பமான வேலைகள் எல்லாம் வலக்கைக்கே போய்ச் சேருகின்றன. திருப்பூர் பனியன் கம்பெனிக் கட்டிங் மேசையில் இருக்கும் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால், விரல்களின் அழுத்தம் இரண்டு அலகுகளையும் நெருக்காமல் விலக்கிவிடும். துணி வெட்டுப்படாமல் மடங்கும். அந்தக் கத்தரிக்கோலை எந்தப் பழக்கமும் சரிசெய்யாது, இடக்கைக்கென்று செய்த வேறொன்றைத்தான் வாங்க வேண்டும். கண்ட்ரோலர் அப்படிப்பட்டதல்ல, அதன் பங்கீடு மென்பொருளில் எழுதப்பட்டது என்பதால் அதை அங்கேயே திருத்தியும் எழுதிவிடலாம்.

இந்தப் பங்கீடு ஆதியிலிருந்தே இருந்ததும் இல்லை. 1977-இல் வந்த அட்டாரி 2600-இன் ஜாய்ஸ்டிக்கில் ஒரே சிவப்புப் பட்டன், அடிப்பெட்டியின் இடது மேல் மூலையில் இருந்தது. இடக்கையால் பெட்டியைப் பிடித்துப் பட்டனை அழுத்தி, வலக்கையால் ஸ்டிக்கை அசைக்கும்படி அது அமைந்திருந்தது. 1983-இல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் திசைப் பட்டனை இடப்பக்கமும் மற்றப் பட்டன்களை வலப்பக்கமும் வைத்தது. அதன் பிறகு வந்த கண்ட்ரோலர்கள் பெரும்பாலும் அதே வழியில் சென்றன. இடையில் 1989-இல் வந்த அட்டாரி லிங்க்ஸ் என்ற கைக்கருவியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து இடக்கைக்காரர்கள் விளையாட முடிந்தது. எனவே, இருக்கும் அமைப்பை மாற்றுவது ஏதோ விதியை மீறுவது என்ற தயக்கம் யாருக்கும் வேண்டாம்.

மாற்றம் தேவையா என்று முதலில் பாருங்கள்

இடக்கைக்காரர் எல்லாருக்கும் மாற்றம் தேவைப்படாது. கார்ப் பந்தயம், கால்பந்து, பக்கவாட்டில் ஓடித் தாண்டும் விளையாட்டுகள், சண்டை விளையாட்டுகள் ஆகியவற்றில் நுட்பமான வேலை இடது ஸ்டிக்கிலோ திசைப் பட்டனிலோதான் இருக்கிறது. அங்கே வழக்கமான அமைப்பே இடக்கைக்காரருக்குச் சாதகம். அதைத் தொடவே வேண்டாம். கேள்வி எழுவது குறிவைக்கும் விளையாட்டுகளிலும், பார்வையை ஒரு ஸ்டிக்கால் திருப்பிக்கொண்டே நடக்க வேண்டிய விளையாட்டுகளிலும் மட்டுமே.

நம் ஊர்ப் பக்கம் யார் இடக்கைக்காரர் என்பதைக் கண்டுபிடிப்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. "சோத்தாங்கையில வாங்கு கண்ணு" என்று அம்மிச்சி சொல்லிச் சொல்லி, சாப்பிடுவதும், காசு கொடுப்பதும் வாங்குவதும், பல வீடுகளில் எழுதுவதும்கூட வலக்கைக்கு மாற்றப்பட்டிருக்கும். ஆகவே எந்தக் கையால் எழுதுகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கிரிக்கெட் மட்டையைப் பிடிக்கும் விதமும் சரியான அடையாளம் அல்ல: வலக்கை ஆட்டக்காரரான சச்சின் டெண்டுல்கர் எழுதுவது இடக்கையால், இடக்கை ஆட்டக்காரரான சௌரவ் கங்குலி பந்து வீசியது வலக்கையால். யாரும் சொல்லித்தராமல், யாரும் திருத்தாமல் நீங்கள் செய்யும் வேலைகளைக் கவனியுங்கள். கல்லை எந்தக் கையால் வீசுகிறீர்கள், ஊசியில் நூலை எந்தக் கையால் கோக்கிறீர்கள், இருட்டில் பூட்டுத் துவாரத்தைத் தேடிச் சாவியை நுழைப்பது எந்தக் கை, ஒரு கையில் செல்போனைப் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் தட்டச்சு செய்யும்போது எந்தப் பக்கம் தவறு குறைகிறது என்பவை நம்பகமான குறிப்புகள். இவற்றில் கடைசியானதற்கு நான் அதிக மதிப்புத் தருவேன். ஏனெனில் கண்ட்ரோலரில் வேலை செய்யப்போவதும் அதே கட்டைவிரல்தான்.

அதன் பிறகு விளையாட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பயிற்சிக் களத்தில் ஒரு கதவு அல்லது சன்னலின் எதிரே நின்று, குறிவைக்கும் புள்ளியை அதன் சட்டத்தின் மேலேயே வைத்து, மெதுவாக நான்கு பக்கமும் ஒரு சுற்று கொண்டுவாருங்கள். எவ்வளவு விரைவாக முடிக்கிறீர்கள் என்பது முக்கியமில்லை. நேர்க்கோட்டில் புள்ளி எவ்வளவு நடுங்குகிறது, மூலைக்கு வரும்போது சட்டத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் ஓடிவிட்டுத் திரும்புகிறது என்ற இரண்டை மட்டும் பாருங்கள். பிறகு ஸ்டிக்குகளை மாற்றி வைத்து, இடக்கட்டைவிரலால் அதையே செய்யுங்கள். வலது ஸ்டிக்கில் பல ஆண்டு பழகியவருக்கு முதல் நாள் இடப்பக்கம் மோசமாகத்தான் இருக்கும், அது பழக்கமின்மை. சில நாள் தொடர்ந்து செய்த பின்னும் மூலைகளில் நடுக்கம் குறையவில்லை என்றால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடலாம். குறைந்துகொண்டே வந்தால், உங்கள் குறிவைக்கும் கை எதுவென்று தெரிந்துவிட்டது. பல ஆண்டுகள் வலப்பக்கமே குறிவைத்து அதில் எந்தக் குறையும் காணாதவர், இடக்கைக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக மாற வேண்டியதில்லை என்பது என் கருத்து.

செல்போனில் விளையாடுவோருக்கு

நம் பகுதியில் விளையாடுவோரில் பெரும்பாலோர் கையில் இருப்பது செல்போன் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா), ஃப்ரீ ஃபயர், கால் ஆஃப் டூட்டி மொபைல் ஆகிய மூன்று விளையாட்டுகளிலும் திரையில் உள்ள பட்டன்களை இழுத்து இடம் மாற்றவும், பெரிதாக்கவும், மங்கலாக்கவும் முடியும். கண்ட்ரோலர் வைத்திருப்பவரைவிடச் செல்போன்காரருக்கு இந்த வகையில் சுதந்திரம் அதிகம். ஆனால் அந்தச் சுதந்திரமே பலரைக் கெடுக்கிறது: யூடியூபில் ஒருவர் காட்டிய நான்கு விரல் அமைப்பை அப்படியே எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அவர் வலக்கைக்காரர் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

பெருந்துறையில் இடக்கைக்காரனான என் அக்கா மகன் விளையாடுவதை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். எதிரியைக் கண்டதும் அவனுடைய வலக்கட்டைவிரல் குறியைத் திருப்பிவிட்டு, திரையை விட்டு எழுந்து சுடும் பட்டனுக்குப் போனது; அந்த இடைவெளியில் எதிரி நகர்ந்துவிட, விரல் மறுபடி குறிக்கு வந்தது. இடக்கட்டைவிரல் ஜாய்ஸ்டிக்கில் சும்மா முன்னோக்கி அழுத்திக்கொண்டிருந்தது. வலுவான கைக்கு வேலையே இல்லை, வலுக்குறைந்த கைக்கு இரண்டு வேலை. இடப்பக்க மேல் மூலையில் இன்னொரு சுடும் பட்டனை வைத்து, அதை இடது ஆள்காட்டி விரலால் அழுத்தச் சொன்னேன். வலக்கட்டைவிரல் குறியை விட்டு எழவே தேவையில்லாமல் போனது.

இடக்கைக்காரர் செல்போனில் செய்ய வேண்டிய முதல் மாற்றமும் அதுவே. இடப்பக்கச் சுடும் பட்டன் எப்போதும் திரையில் தெரியும்படி செட்டிங்ஸில் வைத்துக்கொண்டு, அதை மேல் மூலைக்கு இழுத்து, ஆள்காட்டி விரலின் நுனி விழும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். ஜாய்ஸ்டிக் பழைய இடத்திலேயே இருக்கட்டும். சில நாள் கழித்து, துப்பாக்கியின் குறிக்கண்ணாடியைத் திறக்கும் ஸ்கோப் பட்டனையும் அதன் அருகே கொண்டுவரலாம். குதிப்பதும் குனிவதும் வலப்பக்கமே இருக்கட்டும்; அவை நுட்பம் கேட்காத, ஒரு தட்டில் முடியும் வேலைகள். ஜாய்ஸ்டிக்கையே வலப்பக்கம் கொண்டுபோய்த் திரையைக் கண்ணாடி பிம்பம்போல் முழுதாக மாற்றிக்கொள்ள விரும்புவோரும் உண்டு. உங்கள் விளையாட்டு அதற்கு இடம் கொடுத்தால் முயன்று பார்க்கலாம். ஆனால் சுடும் பட்டன் மாற்றமே பலருக்குப் போதுமானதாக இருக்கும்.

இரண்டாவதாக, ஜைரோஸ்கோப்பைப் பயன்படுத்துங்கள். செல்போனையே சாய்த்தும் திருப்பியும் குறிவைக்கும் இந்த முறையில் இரண்டு மணிக்கட்டுகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. வலக்கட்டைவிரலின் தடுமாற்றம் அங்கே பெரிய பொருட்டே அல்ல. பிஜிஎம்ஐயில் ஜைரோஸ்கோப்பை எப்போதும் இயங்கும்படியும், ஸ்கோப் திறந்திருக்கும்போது மட்டும் இயங்கும்படியும் வைக்கலாம். புதிதாகத் தொடங்குபவர் ஸ்கோப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய திருப்பங்களைக் கட்டைவிரலாலும் கடைசி அங்குலத் திருத்தத்தை மணிக்கட்டாலும் செய்யப் பழகுவது நல்லது. பஸ்ஸில் உட்கார்ந்து பழகாதீர்கள். வண்டி ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது குறியும் சேர்ந்து திரும்பும்.

சிறிய விஷயம் ஒன்று. படுக்கைவாட்டில் பிடிக்கும்போது சார்ஜர் துளை எந்தக் கைக்குள் விழுகிறது என்று பாருங்கள். ஒயர் குத்திக்கொண்டிருக்கும் கையால் நுட்பமாக எதையும் செய்ய முடியாது. செல்போனை மறுபக்கமாகத் திருப்பிப் பிடித்தால் துளை வலப்பக்கம் போய்விடும். பெரும்பாலான விளையாட்டுகளில் திரையும் கூடவே திரும்பிக்கொள்ளும்.

கண்ட்ரோலரில் மாற்றும் முறை

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கம்ப்யூட்டர் எதுவானாலும் மாற்றத்தை விளையாட்டுக்குள் இருக்கும் செட்டிங்ஸிலிருந்துதான் தொடங்க வேண்டும். கண்ட்ரோலர் பகுதியில் ஸ்டிக் அமைப்பு என்று ஒரு வரி இருக்கும்; அதில் 'சவுத்பா' என்பதைத் தேர்ந்தெடுத்தால் நடப்பது வலது ஸ்டிக்குக்கும் குறிவைப்பது இடது ஸ்டிக்குக்கும் மாறும். கால் ஆஃப் டூட்டி, ஹேலோ ஆகிய வரிசைகளில் இந்த வசதி நெடுங்காலமாக இருக்கிறது. அதன் பக்கத்திலேயே 'லெகசி சவுத்பா' என்று ஒன்றும் இருக்கலாம். அது முன்பின் நடப்பதையும் பக்கவாட்டில் நகர்வதையும் இரண்டு ஸ்டிக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய முறை. பெயரைப் பார்த்து ஏமாந்து அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இடக்கை அமைப்பே ஒத்துவரவில்லை என்று விட்டுவிட வேண்டாம்.

விளையாட்டுக்குள் அந்த வசதி இல்லாவிட்டால் கருவியின் பொது செட்டிங்ஸுக்குப் போகலாம். எக்ஸ்பாக்ஸில் எக்ஸ்பாக்ஸ் ஆக்சஸரீஸ் என்ற செயலி ஸ்டிக்குகளையும் ட்ரிகர்களையும் இடம் மாற்றித் தரும். விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் அது கிடைக்கும். பிளேஸ்டேஷனில் அக்சஸிபிலிட்டி பகுதியில் பட்டன்களை மாற்றும் வசதி இருக்கிறது. நிண்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு 2020 ஏப்ரலில் வந்த அப்டேட்டில் இது சேர்ந்தது. கம்ப்யூட்டரில் ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடைச் செயலி வழியாக விளையாடுவோருக்கு ஸ்டீம் இன்புட் இருக்கிறது. எந்தக் கண்ட்ரோலரின் எந்தப் பகுதியையும் எதுவாகவும் மாற்றும் அளவுக்கு அதில் வசதி உண்டு, ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி அமைப்பையும் சேமித்து வைக்கலாம். பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரிலும் ஸ்விட்ச் புரோ கண்ட்ரோலரிலும் ஜைரோ இருப்பதால், ஸ்டீம் வழியாக அதையும் குறிவைக்கப் பயன்படுத்தலாம். எக்ஸ்பாக்ஸுடன் வரும் சாதாரணக் கண்ட்ரோலரில் ஜைரோ கிடையாது.

பொது செட்டிங்ஸில் மாற்றுவதற்கு ஒரு விலை உண்டு: நீங்கள் மாற்றியது விளையாட்டுக்குத் தெரியாது. திரையில் ஒரு பட்டனை அழுத்தச் சொல்லும்; நீங்கள் அழுத்த வேண்டியது வேறொன்றாக இருக்கும். கதை விளையாட்டுகளில், குறித்த நொடிக்குள் குறித்த பட்டனை அழுத்தச் சொல்லும் இடங்களில் இது பெரும் தொல்லை. இன்னொரு பொறியையும் சொல்லிவிட வேண்டும். விளையாட்டுக்குள் சவுத்பாவும் வெளியே ஸ்டிக் மாற்றமும் ஒன்றாக இயங்கினால், இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்து பழைய அமைப்பே வந்து நிற்கும். ஒரே இடத்தில் மட்டும் மாற்றுங்கள்.

ஸ்டிக்குகளை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான சிக்கல் அதன் பிறகே தொடங்குகிறது. வழக்கமான அமைப்பில் குதிக்கும் பட்டனை அழுத்த வலக்கட்டைவிரல் குறியை விட்டு எழுகிறது, கால்கள் நடந்துகொண்டே இருக்கின்றன. சவுத்பாவில் அதே வலக்கட்டைவிரல் நடக்கும் ஸ்டிக்கில் இருக்கிறது. பட்டனை அழுத்த அது எழுந்தால் குறி அசையாமல் இருக்கும், ஆனால் ஆள் நின்றுவிடுவார். ஓடிக்கொண்டே குதிக்கவும், பக்கவாட்டில் விலகிக்கொண்டே குண்டு மாற்றவும் முடியாமல் போகும். எனவே குதிப்பது, குனிவது ஆகிய இரண்டையும் முதலில் நான்கு பட்டன்களிலிருந்து எடுத்துத் தோள் பட்டன்களான எல்1, ஆர்1-க்குக் கொண்டுவாருங்கள். அங்கே இருந்த வேலைகள் நான்கு பட்டன்களுக்கு இறங்கட்டும். குண்டு மாற்றுவதை மறைவுக்குப் பின் நின்று செய்யப் பழகிவிடலாம். பின்புறம் கூடுதல் பட்டன்கள் உள்ள கண்ட்ரோலர் கிடைத்தால் இந்தச் சிக்கலே இல்லை; புதிதாக வாங்கும் இடக்கைக்காரர் வேறு எந்த அலங்காரத்தையும்விட அந்தப் பின் பட்டன்களுக்குப் பணம் கொடுப்பது தகும்.

ஓடுவதையும் பார்க்க வேண்டும். பல விளையாட்டுகளில் ஓடுவதற்கு இடது ஸ்டிக்கையே அழுத்த வேண்டும், அதாவது எல்3. சவுத்பாவுக்குப் பிறகும் அது இடப்பக்கமே நின்றுவிட்டால், ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் குறிவைக்கும் விரலால் ஸ்டிக்கை அழுத்திக் குறியைக் குலைப்பீர்கள். எல்3, ஆர்3 வேலைகளை ஒன்றுக்கொன்று மாற்றிவிடுங்கள். தானாக ஓடும் வசதி இருந்தால் அது இன்னும் நல்லது.

ட்ரிகர்களை மாற்றலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முழுக் கண்ணாடி பிம்பமாக, இடது ட்ரிகரான எல்2-இல் சுடுவதையே விரும்புவோர் இருக்கிறார்கள். நான் முதலில் வலது ட்ரிகரான ஆர்2-இலேயே சுடும்படி விட்டுவைக்கச் சொல்வேன். ட்ரிகரை இழுக்கும்போது அந்தக் கை முழுவதும் சிறிது இறுகும். குறிவைக்கும் கட்டைவிரலும் அதே கையில் இருந்தால் சுடும் கணத்தில் குறி நகரும். இடக்கையில் குறியும் வலக்கையில் சுடுதலும் பிரிந்திருப்பது இந்த வகையில் ஒரு லாபம். அதைச் சில வாரம் அனுபவித்துப் பார்த்துவிட்டுப் பிறகு தேவையானால் மாற்றுங்கள்.

கண்ட்ரோலரின் வடிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளேஸ்டேஷனில் இரண்டு ஸ்டிக்குகளும் ஒரே உயரத்தில் இருப்பதால் மாற்றிப் பிடித்தாலும் கைக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. எக்ஸ்பாக்ஸிலும் ஸ்விட்ச் புரோவிலும் இடது ஸ்டிக் மேலேயும் வலது ஸ்டிக் கீழே உட்புறமாகவும் இருக்கும். சவுத்பாவில் விளையாடும்போது எப்போதும் அழுத்திப் பிடித்திருக்க வேண்டிய நடக்கும் ஸ்டிக் கீழே போய்விடுவதால் வலக்கட்டைவிரலின் அடிமூட்டு விரைவில் சோர்ந்துவிடும். வாங்கும் முன் நண்பர்களிடம் இரண்டையும் வாங்கிப் பிடித்துப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் மவுசும் கீபோர்டும்

இங்கேதான் கருவியின் உடலே வலக்கைக்கென்று வடிக்கப்பட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். வலக்கைக்கு வளைத்துச் செய்த மவுஸை இடக்கையில் பிடித்தால் சுண்டுவிரல் பக்கம் உயர்ந்தும் கட்டைவிரல் பக்கம் தாழ்ந்தும் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட மவுஸில் விடாப்பிடியாகப் பழக வேண்டாம். இரு கைக்கும் பொதுவான சமச்சீர் வடிவம் கொண்ட சாதாரண மவுஸே அதைவிட மேல்.

கடையில் ஒன்றைக் கவனியுங்கள்: வடிவம் சமச்சீராக இருந்தாலும் பக்கவாட்டுப் பட்டன்கள் இடப்புறம் மட்டும் இருந்தால் அவை வலக்கைக் கட்டைவிரலுக்கானவை. 2019-இல் வந்த ரேசர் வைப்பரில் இரு புறமும் பட்டன்கள் இருந்தன. அதன் வழிவந்த வைப்பர் வி2 புரோவில் ஒரு புறம் மட்டுமே. லாஜிடெக்கின் ஜி புரோ வயர்லெஸ்ஸில் இருபுறமும் கழற்றி மாட்டும் பட்டன்கள் உண்டு. அடுத்து வந்த சூப்பர்லைட்டில் இல்லை. இடக்கைக்கென்றே செய்த ரேசர் நாகா 2020-இல் மீண்டும் வெளியானது. பெயரை மட்டும் பார்த்து வாங்காமல், காந்திபுரத்தில் கடை ஏறினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், வலப்புறம் பட்டன் இருக்கிறதா என்று படத்தைத் திருப்பிப் பாருங்கள்.

மவுஸ் இடக்கைக்குப் போனால் ஆள்காட்டி விரல் வலது பட்டன் மேல் விழும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், மவுஸ் என்று போனால் முதன்மைப் பட்டனை வலதாக மாற்றலாம். அல்லது விண்டோஸைத் தொடாமல், விளையாட்டுக்குள் சுடுவதை வலது கிளிக்குக்கு மாற்றலாம். இரண்டையும் செய்தால் மேலே சொன்ன அதே பொறிதான்.

கீபோர்டில் டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளுக்குப் பதிலாக வலக்கைக்கு மூன்று இடங்கள் இருக்கின்றன: அம்புக்குறி விசைகள், எண் பலகை, ஐ-ஜே-கே-எல். அம்புக்குறிகளைச் சுற்றி வேறு விசைகள் குறைவு. எண் பலகையைச் சுற்றி விசைகள் உண்டு, ஆனால் கை வெகு தூரம் வலப்பக்கம் போய்விடும். சிறிய கீபோர்டுகளில் எண் பலகையே இருக்காது. எனக்குச் சிறந்ததாகப் படுவது ஐ-ஜே-கே-எல்: ஜே மேல் ஆள்காட்டி விரல், ஐ-க்கும் கே-க்கும் நடுவிரல், எல் மேல் மோதிர விரல், கட்டைவிரல் ஸ்பேஸ் பாரில். குதிப்பது பழையபடி ஸ்பேஸிலேயே இருக்கும். ஓடுவதற்கு வலது ஷிப்ட், குனிவதற்கு வலது கண்ட்ரோல், குண்டு மாற்ற யு, பொருள் எடுக்க ஓ என்று சுற்றி அடுக்கிக்கொள்ளலாம். விலை குறைந்த சில கீபோர்டுகளில் குறிப்பிட்ட மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று பதிவாகாது. ஐ, எல், வலது ஷிப்ட், ஸ்பேஸ் ஆகியவற்றைப் பயிற்சிக் களத்தில் சேர்த்து அழுத்திப் பார்த்துவிடுங்கள். விசைகளை மாற்ற வெளிமென்பொருள் எதையும் ஆன்லைன் போட்டி விளையாட்டுகளில் பயன்படுத்த வேண்டாம். ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் அதைச் சந்தேகிக்க இடமுண்டு.

வேலரன்ட்டிலும் கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இலும் துப்பாக்கியை இடக்கையில் காட்டும் வசதி இருக்கிறது. பின்னதில் அது 2024 ஏப்ரலில் வந்தது. திரையில் துப்பாக்கி எந்தப் பக்கம் தெரிகிறது என்பதை மட்டுமே அது மாற்றும், உங்கள் கைகளின் வேலையை மாற்றாது. கண்ணுக்கு அப்படி இருப்பது பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேமிங் சென்டரில் மவுஸ் ஒயர் பெரும்பாலும் வலப்பக்கமே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். "அண்ணா, மவுஸை இந்தப் பக்கம் எடுத்து வெச்சுக்கட்டுங்களா?" என்று உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள், கட்டணம் ஓடத் தொடங்கிய பிறகு மேசைக்கு அடியில் ஒயரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எழும்போது மாற்றியதை எல்லாம் பழையபடி வைத்துவிட்டு வருவது, அடுத்து வருபவருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை.

பழகும் காலம்

புதிய அமைப்பில் முதல் சில நாள் தோல்விதான் வரும். அதனால் போட்டி ஆட்டங்களை விட்டுவிட்டு, பயிற்சிக் களத்திலும் கணினி எதிரிகளோடும் மட்டும் விளையாடுங்கள். குறிவைக்கும் வேகத்தை வழக்கத்தைவிடக் குறைத்து வைத்து, கதவுச் சட்டச் சோதனையில் மூலைகள் சீராக வரத் தொடங்கிய பிறகு சிறிது சிறிதாக ஏற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்பதில் கண்டிப்பாக இருங்கள்: ஸ்டிக் பழகிய பிறகு குதிக்கும் பட்டன், அது பழகிய பிறகு ஓடுவது. எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும். பழைய அமைப்பும் புதிய அமைப்பும் மாறி மாறி விளையாடுவதும் இந்தக் காலத்தில் கூடாது. கட்டைவிரலின் அடியிலோ மணிக்கட்டிலோ வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். ஓய்வுக்குப் பிறகும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சிறு பிள்ளைகளுக்கு முதன்முறை கண்ட்ரோலர் கொடுக்கும் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை இடக்கைக்காரனோ இடக்கைக்காரியோ என்று தோன்றினால், இப்படிப் பிடி, அப்படிப் பிடி என்று திருத்தாமல், இரண்டு அமைப்பையும் காட்டி எது வசதி என்று அவர்களையே சொல்லவிடுங்கள். பழைய பழக்கம் எதையும் மறக்க வேண்டிய சுமை அவர்களுக்கு இல்லை. எந்த அமைப்பில் தொடங்கினாலும் சுலபமாகக் கற்றுக்கொள்வார்கள். சாப்பாட்டுக் கையைப் பற்றி வீட்டில் பெரியவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கலாம், அதற்கும் விளையாட்டுக் கருவிக்கும் சம்பந்தமில்லை. 2006-இல் வீ கருவிக்கு வந்த செல்டா விளையாட்டில், ஆடுவோரில் பெரும்பாலோர் வலக்கைக்காரர் என்பதற்காக, இடக்கைக்காரனாகவே இருந்துவந்த நாயகன் லிங்க்கை வலக்கைக்காரனாக்கி, விளையாட்டின் உலகத்தையே கண்ணாடி பிம்பமாகத் திருப்பினார்கள். பெரும்பான்மைக்காக ஓர் உலகத்தையே திருப்ப முடியுமானால், ஒரு பிள்ளைக்காக ஒரு செட்டிங்கைத் திருப்புவது பெரிய காரியமல்ல.

வீட்டில் அண்ணன் தம்பி ஒரே கருவியைப் பயன்படுத்துவதாக இருந்தால், இடக்கைக்காரருக்குத் தனிக் கணக்கு உருவாக்கி அதிலேயே அமைப்பைச் சேமித்து வையுங்கள். செட்டிங்ஸ் திரைகளை ஒவ்வொன்றாகச் செல்போனில் படமெடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு அப்டேட் ஆகி அமைப்பு அழிந்துபோனாலும், லீவுக்கு மாமா வீட்டுக்குப் போய் அங்கே வேறொரு கருவியில் உட்கார்ந்தாலும், அந்தப் படங்களைப் பார்த்துச் சில நிமிடத்தில் மறுபடி அமைத்துவிடலாம்.